ததேயு: ஓர் ஊர் தேடிக்கொண்ட திருத்தூதர்

திருத்தூதர்கள் சென்ற திசைகள் – 9

யூதா ததேயுவின் படம் எந்த ஊரில் அச்சானாலும் சில அடையாளங்கள் மாறுவதில்லை. வெள்ளை அங்கி, அதன்மேல் பச்சைப் போர்வை, தலைக்கு மேல் ஒரு தீச்சுடர், கையில் ஒரு தடி, மார்பில் வட்டமான ஒரு பதக்கம். பதக்கத்துக்குள் இயேசுவின் முகம். சென்னை வாணுவம்பேட்டையிலும் வடக்கே ஜான்சியிலும் உள்ள அவருடைய திருத்தலங்களுக்குப் போய்வந்தவர்கள் இந்தப் படத்தைப் பணப்பையில் வைத்திருப்பார்கள். தீச்சுடர் பெந்தகோஸ்து நாளைக் குறிப்பது. தடி, அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்ற மரபிலிருந்து வந்தது. பதக்கம் எங்கிருந்து வந்தது? பேதுருவுக்கும் இல்லாத, அந்திரேயாவுக்கும் இல்லாத இந்த அணிகலன் இவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

அதற்கு விடை தேடினால் துருக்கியின் தென்கிழக்கே, சிரிய எல்லையை ஒட்டிய ஒரு நகருக்குப் போய்ச் சேருவோம். இன்று அதற்கு ஷான்லிஉர்ஃபா என்று பெயர். பழைய நூல்களில் எதெஸ்ஸா. சென்ற இதழில் தோமாவை மயிலாப்பூரில் விட்டுவிட்டு, அவருடைய எலும்புகளை ஒரு வணிகர் மேற்கே கொண்டுபோனதாகச் சொல்லும் மரபைப் பார்த்தோம். அந்த எலும்புகள் போய்ச் சேர்ந்த ஊரும் இதே எதெஸ்ஸாதான். தோமாவின் பணிகள் என்ற நூல் பெரும்பாலும் அங்கே, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ஒரு திருத்தூதரின் எலும்பும் கதையும் கையிலிருந்த அந்த ஊர் அதோடு நிறைவடையவில்லை. தனக்கென்றே வந்த ஒருவர் வேண்டும் என்று நினைத்தது. கிடைத்தவர் ததேயு.

முதலில் நற்செய்தி நூல்கள் இவரைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். பார்க்க அதிக நேரம் ஆகாது. மாற்கும் மத்தேயுவும் தரும் பன்னிருவர் பட்டியலில் பத்தாவது பெயர் ததேயு. மத்தேயுவின் சில கையெழுத்துப் படிகளில் அந்த இடத்தில் லெபேயு என்று இருக்கிறது. லூக்காவின் பட்டியலிலும் திருத்தூதர் பணிகளிலும் ததேயு என்ற பெயரே இல்லை; பதினோராம் இடத்தில் யாக்கோபின் யூதா என்று ஒருவர் நிற்கிறார். பட்டியல்கள் ஒத்துப்போக வேண்டுமானால் மூவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தவர் முடிவு செய்தார்கள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தேயுவுக்கு உரை எழுதிய எரோணிமுஸ் இவரை மூன்று பெயர்க்காரர் என்றே அழைத்துவிட்டார்.

இவர் வாய் திறப்பது ஒரே ஓர் இடத்தில். யோவான் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம், கடைசி இராவுணவு. உலகுக்குக் காட்டாமல் எங்களுக்கு மட்டும் உம்மை வெளிப்படுத்தப்போவதாகச் சொல்கிறீரே, ஏன் என்று கேட்கிறார். கேட்டவர் காட்டிக்கொடுத்தவன் அல்ல, வேறு யூதா என்று யோவான் அங்கேயே குறிப்புப் போட்டுவிடுகிறார். அந்தக் காலத்திலேயே பெயர்க் குழப்பம் இருந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: பழைய சுரியானி மொழிபெயர்ப்பின் படி ஒன்றில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் யூதா தோமா, மற்றொன்றில் வெறும் தோமா. எதெஸ்ஸா வட்டாரத்தில் தோமாவின் இயற்பெயர் யூதா என்றே நம்பினார்கள். ஆக, ததேயுவுக்கு இருந்த ஒரே ஒரு வசனத்தையும் அந்த ஊர்க்காரர்கள் தோமாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு இயேசுவின் சகோதரர் யூதா என்று மற்றொருவரும் இருக்கிறார். புதிய ஏற்பாட்டில் இருபத்தைந்தே வசனங்கள் கொண்ட யூதாவின் திருமுகம் அவர் பெயரில் வந்தது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த யூதாவின் பேரன்கள் இருவரைப் பற்றி அருமையான செய்தி ஒன்று உண்டு. தாவீதின் வம்சம் என்று கேள்விப்பட்ட பேரரசர் தொமீசியன் அவர்களைப் பிடித்துவரச் செய்து சொத்து எவ்வளவு என்று விசாரித்தாராம். இருவருக்கும் சேர்த்து 9,000 தெனாரியம் பெறுமான நிலம், அதில் தாங்களே உழுது பிழைப்பதாகச் சொல்லிக் காய்த்துப்போன கைகளைக் காட்டியிருக்கிறார்கள். இவர்களால் என்ன ஆபத்து என்று பேரரசர் விட்டுவிட்டார். பிற்கால மரபு இந்த யூதாவையும் நம் ததேயுவோடு சேர்த்துக்கொண்டது. நான் சேர்க்கப்போவதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இனி எதெஸ்ஸா. அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸ் கி.மு. 303 வாக்கில் நிறுவிய நகரம். அதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. உள்ளூர் மக்கள் கிரேக்கப் பெயரைப் பொருட்படுத்தாமல் ஓர்ஹாய் என்றே அழைத்துவந்தார்கள். ஒருபக்கம் ரோமப் பேரரசு, மறுபக்கம் பார்த்தியப் பேரரசு; நடுவே ஒஸ்ரோயென் என்ற சிறிய அரசுக்கு இது தலைநகர். கிழக்கிலிருந்து பட்டு போகும் பாதை. அரசர்களில் பலருக்கு அப்கார் என்ற பெயர். பேசிய மொழி சுரியானி, அதாவது இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை. கிரேக்கம் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் கிரேக்கத்தை நம்பிப் பிழைக்காத கிறிஸ்தவம் ஒன்று தழைத்த ஊர் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

இந்த ஊருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எதையும் எழுதிப் பதிவு செய்துவைப்பார்கள். கி.பி. 201 நவம்பரில் ஓர் இரவு தைசான் ஆறு கரைபுரண்டு அரண்மனையைச் சாய்த்து 2,000-க்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போனது. அரசர் எட்டாம் அப்காரின் ஆணைப்படி அந்த வெள்ளச் சேதம் முழுவதும் எழுதப்பட்டு ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. பின்னால் தொகுக்கப்பட்ட எதெஸ்ஸா நாளாகமம் அதை எடுத்துத் தருகிறது. கிறிஸ்தவர்களின் கோயிலும் சேதமடைந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி அதில் இருக்கிறது. உலகில் எங்கும் தேவாலயக் கட்டடம் ஒன்றைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. யூப்ரடீஸ் கரையில் துரா யூரோபோஸ் என்ற இடிந்த நகரைத் தோண்டியபோது சுரியானியில் எழுதிய பத்திரம் ஒன்று கிடைத்தது. 243-ஆம் ஆண்டு எதெஸ்ஸாவில் ஓர் அடிமைப் பெண்ணை 700 தெனாரியத்துக்கு விற்ற கிரயப் பத்திரம். அதன் ஒரு படி எதெஸ்ஸா காப்பகத்தில் வைக்கப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

காப்பகம் உண்மை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

செசரியா ஆயர் யுசேபியுஸ் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாறு எழுதினார். அதன் முதல் நூலின் இறுதியில், எதெஸ்ஸா காப்பகத்திலிருந்து எடுத்துச் சுரியானியிலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றியது என்று சொல்லி இரண்டு கடிதங்களைத் தருகிறார். முதல் கடிதம் அரசர் அப்கார் இயேசுவுக்கு எழுதியது. கொண்டுபோனவர் அனனியா என்ற தூதுவர். மருந்தும் மூலிகையும் இல்லாமல் நீர் நோய் தீர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். வந்து என் நோயைத் தீர்க்க வேண்டும். உமக்குத் தீங்கு செய்ய அங்கே சிலர் திட்டமிடுகிறார்களாமே, என் நகரம் சிறியது, ஆனாலும் நம் இருவருக்கும் போதும் என்பது கடிதத்தின் சாரம். அரசன் எழுதக்கூடிய கடிதங்களில் இவ்வளவு பணிவானது வேறு இருக்குமா என்பது சந்தேகமே. இரண்டாவது கடிதம் இயேசுவின் பதில். காணாமலே நம்பிய நீர் பேறுபெற்றவர்; நான் வர முடியாது; என் வேலை முடிந்து மேலே சென்றபின் சீடர் ஒருவரை அனுப்புகிறேன்.

அதன்பின் நடந்ததையும் யுசேபியுஸ் சொல்கிறார். இயேசுவின் விண்ணேற்றத்துக்குப் பிறகு தோமா என்னும் யூதா, ததேயுவை அனுப்பிவைக்கிறார். இந்தத் ததேயு பன்னிருவரில் ஒருவர் அல்லர், எழுபது சீடர்களில் ஒருவர் என்று யுசேபியுஸ் தெளிவாகவே எழுதுகிறார். இந்த வரியை நினைவில் வையுங்கள். ததேயு எதெஸ்ஸா வந்து தொபியா என்பவர் வீட்டில் தங்கி நோயாளிகளைக் குணமாக்குகிறார். செய்தி அரண்மனைக்கு எட்டுகிறது. அவர் உள்ளே நுழைந்ததும் அவருடைய முகத்தில் அப்காருக்கு மட்டும் ஏதோ ஒரு காட்சி தெரிகிறது. அரசர் எழுந்து விழுந்து வணங்குவதைப் பார்த்து அவையோர் திகைக்கிறார்கள். அரசர் குணமடைகிறார். அவையில் கால்வீக்க நோயோடு இருந்த அப்தோஸ் என்பவரும் எழுந்து நடக்கிறார். மறுநாள் ஊர் முழுவதையும் கூட்டிப் போதிக்கச் செய்த பிறகு அரசர் பொன்னும் வெள்ளியும் கொடுக்கிறார். சொந்தப் பொருளையே விட்டுவிட்டு வந்தவர்கள் பிறர் பொருளை எப்படி வாங்குவது என்று ததேயு மறுத்துவிடுகிறார். நடந்தது 340-ஆம் ஆண்டு என்று தேதியும் போட்டிருக்கிறது. செலூக்க ஆண்டுக் கணக்கு அது. நம் கணக்கில் கி.பி. 28 அல்லது 29.

தேதி, தூதுவர் பெயர், தங்கிய வீட்டுக்காரர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் இருக்கின்றன. காப்பக முத்திரையும் இருக்கிறது. பத்திரம் எப்படி எழுத வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஊரில் எழுதப்பட்டது இது. உள்ளே இருக்கும் செய்திதான் உண்மையல்ல. இயேசு எதையும் எழுதி வைக்கவில்லை என்பதில் அகுஸ்தீனும் எரோணிமுஸும் உறுதியாக இருந்தார்கள். 6-ஆம் நூற்றாண்டில் ரோமத் திருத்தந்தை கெலாசியுஸ் பெயரில் உலவிய பட்டியல் ஒன்று இரண்டு கடிதங்களையும் பெயர் சொல்லித் தள்ளிவைத்தது.

கதையைக் கட்டியவர்கள் ஓர் இடத்தில் தையலை மறைக்க மறந்துவிட்டார்கள். கி.பி. 400 வாக்கில் இதே கதையை விரித்து அத்தாயின் போதனை என்று ஒரு சுரியானி நூல் எழுதப்பட்டது. கிரேக்கத்தில் ததேயு, சுரியானியில் அத்தாய். அந்த நூலின்படி அத்தாய் இறக்கும்போது அக்காய் என்பவரைத் தமக்குப்பின் நியமிக்கிறார். அக்காய் அரசருக்குப் பட்டும் தலைப்பட்டையும் செய்துகொடுத்துக்கொண்டிருந்த கைவினைஞர். பிறகு பட்டத்துக்கு வந்த அப்காரின் மகன் ஒருவன் கிறிஸ்தவத்தை ஏற்காதவன். எனக்கும் ஒரு தலைப்பட்டை செய்து கொடு என்று ஆளனுப்புகிறான். அக்காய் மறுக்கிறார். தேவாலயத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய கால்களை ஆட்கள் உடைத்துவிடுகிறார்கள். அவர் அவ்வளவு விரைவாக இறந்துபோனதால் தமக்குப்பின் பாலூத் என்பவர் தலையில் கைவைத்து ஆயராக்க முடியவில்லை. எனவே பாலூத் அந்தியோக்கியாவுக்குப் போய் அங்கே ஆயர் செராப்பியோனிடம் திருநிலைப்பாடு பெற்றாராம்.

செராப்பியோன் யார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். கி.பி. 190 முதல் 211 வரை அந்தியோக்கியாவின் ஆயர். அத்தாயின் கைப்பட்டவர்களில் ஒருவரான பாலூத், இயேசு இறந்து ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்குப் பிறகு ஆயராகிறார்! எதெஸ்ஸாவின் ஆயர் வரிசையில் நாம் நம்பக்கூடிய முதல் பெயர் பாலூத். அவருக்கு முன்னால் அத்தாய், அக்காய் என்று இரண்டு தலைமுறையை வைத்து இயேசு வரைக்கும் பாலம் போட முயன்றிருக்கிறார்கள். பாலம் எட்டவில்லை. அக்காயின் கால்களை உடைத்து அவசரமாகச் சாகடித்தது எதற்கு என்பதும் இப்போது விளங்கும். பாலூத் அந்தியோக்கியாவில் போய் நியமனம் பெற்றது ஊரறிந்த செய்தி. அதை மறைக்க முடியாது. காரணம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் வாழ்ந்த பெரும் கவிஞர் எபிரேம் ஒரு குறையைச் சொல்லிப் புலம்புகிறார்: எங்களைப் பாலூத் கட்சிக்காரர் என்று அழைக்கிறார்களே என்று. அதாவது அந்த ஊரில் கிறிஸ்தவர் என்ற பெயரை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் வேறு யாரோ. மார்சியோன் வழியினர் இருந்தார்கள். அரண்மனையிலேயே செல்வாக்காக இருந்த தத்துவ அறிஞர் பர்தைசானின் வழியினர் இருந்தார்கள். வால்டர் பவர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1934-இல் வெளியிட்ட நூலில் இதை வைத்துத்தான் பெரிய வாதம் ஒன்றைக் கட்டினார். பிற்காலத்தில் மரபுவழித் திருச்சபை என்று அறியப்பட்டது எதெஸ்ஸாவில் முதலில் வந்ததும் அல்ல, பெரியதும் அல்ல. பல குழுக்களில் ஒன்று. அவர் மற்ற ஊர்களைப் பற்றிச் சொன்னதில் பல இன்று நிற்கவில்லை. எதெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னதன் உள்ளீடு நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது.

போட்டி இருந்த ஊரில்தான் பூர்விகப் பத்திரம் தேவைப்படும். மானியின் சமயமும் 3-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்துவிட்டது. மானி எதெஸ்ஸாவுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அவர் ரோம நாட்டுக்கு அனுப்பிய முக்கியச் சீடர் ஒருவரின் பெயரும் அத்தா என்பதுதான். டச்சு அறிஞர் ஹான் டிரைவர்ஸ், மானியரின் அத்தாவுக்கு எதிராகவே கிறிஸ்தவர்கள் ஓர் அத்தாயை நிறுத்தினார்கள் என்று வாதாடினார். நோய் தீர்த்துக்கொண்டே போதித்த தூதர், அவரை அனுப்பியவரின் கடிதம், அவருடைய உருவப்படம் என்று இரு கதைகளுக்கும் உள்ள ஒற்றுமை கவனிக்க வேண்டியதுதான். ஆனாலும் அத்தாய் என்ற பெயரில் 2-ஆம் நூற்றாண்டில் உண்மையான போதகர் ஒருவர் அங்கே வந்திருக்கலாம் என்பதை டிரைவர்ஸின் வாதம் முற்றாக அடைத்துவிடவில்லை. அரசரைப் பொறுத்தவரை, மதம் மாறியவர் எட்டாம் அப்கார் (177–212), கதைதான் அதை ஐந்தாம் அப்காருக்கு ஏற்றியது என்று ஒரு கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. எட்டாம் அப்கார் கிறிஸ்தவர்களைச் சகித்துக்கொண்டார் என்பது வரை சொல்லலாம். அதற்குமேல் போக ஆதாரம் பலவீனம்.

கடிதம் பொய் என்றாலும் அது ஊருக்குச் செய்த வேலை பொய்யல்ல. 384-இல் மேற்குக் கோடியிலிருந்து எகேரியா என்ற பெண் திருப்பயணி எதெஸ்ஸா வந்தார். உள்ளூர் ஆயரே கூட்டிக்கொண்டு போய் அரண்மனையையும், மீன்கள் நிறைந்த குளங்களையும், அனனியா கடிதத்தோடு நுழைந்த வாயிலையும் காட்டினார். பாரசீகர்கள் முற்றுகையிட்டபோது அந்த வாயிலில் நின்று கடிதத்தை உயர்த்திப் பிடித்ததாகவும் எதிரிகள் ஓடியதாகவும் சொன்னார். கடிதத்தின் படிகளை எகேரியாவுக்குக் கொடுத்தார். ஊரில் என்னிடம் ஏற்கெனவே படிகள் இருக்கின்றன, ஆனால் இங்கே கிடைத்தது இன்னும் முழுமையாக இருக்கிறது என்று அவர் மகிழ்ந்துபோய் எழுதுகிறார். அந்த மகிழ்ச்சியிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. கடிதம் வளர்ந்துகொண்டிருந்தது. யுசேபியுஸ் தந்த படியில் இல்லாத வாக்குறுதி ஒன்று, உன் நகரை எந்த எதிரியும் ஆளமாட்டான் என்பது, இடையில் நுழைந்துவிட்டது.

அதன்பின் கடிதம் ஊர் ஊராகத் தாயத்தாகப் போயிற்று. எபேசில் ஒரு வீட்டு நிலைவாசலின் மேற்கல்லிலும், பிலிப்பியிலும் அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதி மடித்துக் கட்டிக்கொண்டார்கள். 544-இல் பாரசீக மன்னர் முதலாம் கொஸ்ரோ எதெஸ்ஸாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அக்காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ், கடிதத்தை நகர வாயிலில் பொறித்திருந்ததைச் சொல்கிறார். வேறு எந்தப் புனிதப் பொருளையும் அவர் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து எவாக்ரியுஸ் அதே முற்றுகையை எழுதும்போது நகரைக் காத்தது கையால் வரையப்படாத திருமுகப் படம் என்கிறார்.

பதக்கத்துக்கு வந்துவிட்டோம். யுசேபியுஸின் கதையில் படம் கிடையாது. எகேரியா பார்த்தவற்றிலும் படம் இல்லை. அத்தாயின் போதனையில்தான் முதலில் வருகிறது: தூதுவரே ஓவியரும் என்பதால் இயேசுவை நல்ல வண்ணங்களில் வரைந்து அரசரிடம் கொண்டுபோனாராம். அங்கே அது வெறும் ஓவியம். 6-ஆம் நூற்றாண்டில் அதுவே வரையப்படாத படமாகிறது. சற்றுப் பின்னர் கிரேக்கத்தில் எழுதப்பட்ட ததேயுவின் பணிகள் என்ற நூல், இயேசு முகம் கழுவித் துணியில் துடைக்க அந்தத் துணியில் முகம் பதிந்ததாகச் சொல்கிறது. இந்த நூல் இன்னொன்றும் செய்தது. ததேயுவை எதெஸ்ஸாவிலேயே பிறந்தவராக்கிவிட்டது. வந்தவர் மண்ணின் மைந்தர் ஆனார்.

வாக்குறுதி மட்டும் நிற்கவில்லை. 609-இல் பாரசீகரும், 639 வாக்கில் அராபியரும் நகரைப் பிடித்தார்கள். படம் அங்கேயே இருந்தது. 944-இல் பைசாந்தியத் தளபதி யோவான் கூர்குவாஸ் படையோடு வந்து நின்று, நகரை விட்டுவிடுகிறேன், படத்தைக் கொடுங்கள் என்றார். அமீர் கலீபாவின் அனுமதி பெற்றுக் கொடுத்தார். விலை 200 முஸ்லிம் கைதிகளின் விடுதலையும் 12,000 வெள்ளிக் காசும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று படம் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் ஊர்வலமாக நுழைந்தது. 1204-இல் சிலுவைப் போர்ப் படை அந்த நகரைச் சூறையாடிய பிறகு அதன் தடம் மங்கிவிட்டது. உண்மையான படம் எங்களிடம்தான் என்று சொல்ல ஜெனோவாவிலும் ஒன்று இருக்கிறது, வத்திக்கானிலும் ஒன்று இருக்கிறது. எதெஸ்ஸாவைச் சிலுவைப் போர்க்காரர்களும் கொஞ்ச காலம் ஆண்டார்கள். 1144 டிசம்பரில் முஸ்லிம் ஆட்சியாளர் சங்கி அதை அவர்களிடமிருந்து பிடித்ததுதான் இரண்டாம் சிலுவைப் போருக்குத் தொடக்கம்.

எழுபதில் ஒருவர் பன்னிருவரில் ஒருவராக மாறியது எப்போது? யுசேபியுஸின் வரியை நினைவில் வைக்கச் சொன்னேன். எரோணிமுஸ் மத்தேயு உரையில், எதெஸ்ஸாவுக்கு அப்காரிடம் அனுப்பப்பட்டவர் திருத்தூதர் ததேயு என்று எழுதுகிறார். இரண்டு ததேயுகளுக்கு இடையே இருந்த சுவர் மேற்கில் அங்கே இடிந்தது. பிறகு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அவரை அனுப்பலாம் என்றாயிற்று. இலத்தீன் மரபு அவரைப் பன்னிருவரில் இன்னொருவரான சீமோனோடு (பேதுரு அல்ல) சேர்த்துப் பாரசீகத்துக்கு அனுப்பி, சரோயஸ், அர்பக்சாத் என்ற இரண்டு மந்திரவாதிகளோடு மோதவிட்டு, அங்கேயே கொல்லவைத்தது. அதனால்தான் இருவருக்கும் ஒரே திருநாள், அக்டோபர் 28. எலும்புகளும் ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் ஒரே பீடத்தின் கீழ்.

அர்மீனியர்கள் அவரை வடக்கே அழைத்துக்கொண்டார்கள். அங்கே அரசர் சனாத்ரூக்கின் மகள் சந்துக்த் அவரால் மனம்மாறி, தந்தையின் ஆணையால் கொல்லப்பட்டாள். ததேயுவும் கொல்லப்பட்டார் என்பது அவர்கள் மரபு. அவர் கல்லறை மேல் எழுந்ததாகச் சொல்லும் மடம் இன்று ஈரானின் மேற்கு அசர்பைஜான் மாநிலத்தில் இருக்கிறது. 1319-இல் நிலநடுக்கத்தில் இடிந்து மறுபடி கட்டப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் திருப்பயணம் 2020-இல் ஈரான், அர்மீனியா இரு நாடுகளின் பெயரிலும் தனியாகப் பட்டியலிடப்பட்டது. ஓர் இஸ்லாமியக் குடியரசு ஒரு கிறிஸ்தவத் திருப்பயணத்துக்காகச் சேர்ந்து விண்ணப்பித்த அரிய செய்தி இது.

மேற்கில் நூற்றாண்டுக் கணக்கில் இவரை அதிகம் பேர் கூப்பிடவில்லை. காட்டிக்கொடுத்தவனின் பெயராக இருந்ததுதான் காரணம் என்பார்கள். யாரும் கேட்காதவரிடம் கேட்டால் உடனே செய்வார் என்று, கைவிட்ட காரியங்களுக்கு இவரைக் காவலராக்கினார்கள். இன்றைய பெரும் பக்தி மிக அண்மையது. 1929-இல் சிகாகோவில் கிளரீசியன் துறவிகள் மெக்சிக்கக் குடியேறிகளுக்காக எடுத்த முயற்சியிலிருந்து அது அமெரிக்காவில் பரவியது. பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டு; வேலை போனவர்களுக்கு இவர் தேவைப்பட்டார். டேனி தாமஸ் என்ற நடிகர் தாம் செய்த நேர்த்திக்கடனை 1962-இல் மெம்பிஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனையாக நிறைவேற்றினார். லெபனான் வழிக் குடும்பத்துப் பிள்ளை அவர். அண்டை மண்ணின் புனிதரை அமெரிக்காவில் கண்டுகொண்டார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சிகாகோ வழியாகத்தான் கண்டுகொண்டிருப்பார்.

கல்லறை, கடிதம், படம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தால் அத்தாயின் பெயரில் மிஞ்சுவது ஒரு மன்றாட்டு. அத்தாய் – மாரி நற்கருணை மன்றாட்டு என்று அதற்குப் பெயர்; மாரி என்பவர் அத்தாயின் சீடராக டைகிரீஸ் கரையில் போதித்ததாக மரபு. இன்றுவரை வழிபாட்டில் இருக்கும் நற்கருணை மன்றாட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. ஆனால் இதன் பழைய வடிவத்தில், அப்பத்தை எடுத்து இது என் உடல் என்று இயேசு சொன்ன வார்த்தைகளே இல்லை. அந்த வார்த்தைகள் இல்லாமல் நற்கருணை செல்லுமா என்று கத்தோலிக்க இறையியலாளர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். 2001-இல் வத்திக்கான், செல்லும் என்று அறிவித்தது. ஐந்தாம் அப்காரோ எட்டாம் அப்காரோ தரமுடியாத சான்று அது: எதெஸ்ஸா வட்டாரத்துக் கிறிஸ்தவம் ரோமைக் கேட்டு வளர்ந்ததல்ல, அதனளவில் பழையது. கேரளத்தில் சீரோ மலபார் கத்தோலிக்கர்கள் அந்த வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு இதே மன்றாட்டைச் சொல்கிறார்கள். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கல்தாயச் சுரியானித் திருச்சபையார் சேர்க்காமல் பழைய வடிவத்திலேயே சொல்கிறார்கள். பாலக்காட்டைத் தாண்டினால் இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.

அடுத்த இதழில் பர்த்தலமேயு. அவர் இந்தியாவுக்கு வந்து எபிரேய எழுத்தில் மத்தேயு நற்செய்தியை விட்டுச்சென்றார் என்று சொல்பவரும் இதே யுசேபியுஸ்தான்.